மேற்படி கூரையில் ஏறியமைக்கு மன்னிப்பு

1

என் மகளைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கப் போகிறார்கள் என்று மூன்று நாள் நம்பினேன். அரைகுறையாக நம்பியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. முழு மனதோடு, வேலைக்குப் போகிற பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விடுகிற அளவுக்கு நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் ஒரு கடிதமும் எழுதி அனுப்பினேன். அந்தக் கடிதத்தின் நகல் இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டப்பட்டிருக்கிறது. மாட்டியவள் மகள். எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவள் மனைவி.

நான் பாளையம்பட்டிக்காரன். மனைவி சாந்தி திருச்சுழிப் பக்கம். இந்த மாதத்தோடு நாங்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்துக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. உலகத்தில் பனி பெய்கிற தேசம், நாள் தவறாமல் தூறுகிற தேசம் என்று எத்தனையோ இருக்க, அருப்புக்கோட்டை வெயிலிலிருந்து புறப்பட்டு இந்த நாட்டிலேயே காய்ந்த பக்கமாகப் பார்த்து வந்து இறங்கியவன் நான். வித்தியாசம் என்றால் ஒன்றுதான். இங்கே ஆடியில் மழை பெய்யும், தையில் மண்டை பிளக்கும். பஞ்சாங்கத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிற ஊர்.

நான் ஒரு மருத்துவமனையின் சாமான் கிடங்கில் வேலை பார்க்கிறேன். சாந்தி முதியோர் இல்லத்தில் செவிலி. மகள் நிவேதாவுக்கு இருபது வயது. கட்டுமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. வளாகத்துக்குப் பக்கத்திலேயே தோழிகளோடு ஒரு வீட்டில் தங்கியிருக்கிறாள். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள். அன்றைக்கு சாந்தி எனக்கும் நல்ல குழம்பு வைப்பாள்.

2

திங்கட்கிழமை காலை, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி போனைத் திறந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். 'அன்புள்ள திரு. சுப்பையா அவர்களுக்கு' என்று தொடங்கியிருந்தது.

சுப்பையா என் அப்பா. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக ஒடுங்கிக் கிடக்கிற தகப்பனார், கடல் தாண்டியதும் முழு உருவம் எடுத்து, பெயருக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். பாஸ்போர்ட்டில் நின்றார், வங்கியில் நின்றார், மின்சாரக் கட்டணச் சீட்டிலும் நின்றார். பதினெட்டு வருஷமாக இந்த ஊர் அலுவலகங்கள் எல்லாம் என் அப்பாவைத்தான் கூப்பிடுகின்றன. நான்தான் எழுந்து போகிறேன்.

'உங்கள் மகள் நிவேதா இந்த ஆண்டு காலநிலைச் செயல்பாடுகளில் தீவிரமாக ஈடுபட்டு வருகிறார். இது தொடர்பாக வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வளாகக் குழு கூடுகிறது. தாங்கள் வருவதைத் தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.'

இதற்குக் கீழேயும் ஏதோ நீளமாக இருந்தது. அதைப் படிக்கிற நிலையில் நான் இல்லை. ஏதாவது ஒன்றில் தீவிரமாக ஈடுபடுகிற மாணவர்களைப் பற்றி நம் ஊர்ச் செய்தித்தாளில் எந்தப் பக்கத்தில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, மாணவர்களின் காலநிலை அமைப்புக்கு என்று இருந்த இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். முதல் படமே என் மகள். நூலகக் கட்டடத்தின் கூரை மேல், தலையில் ஆரஞ்சு நிறத் தொப்பி, இடுப்பில் கயிறு. பக்கத்தில் சீருடை அணிந்த ஓர் ஆள் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

கையும் கயிறுமாகப் பிடித்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போனது அப்போதுதான்.

3

இவ்வளவு படித்தவன் ஏன் இப்படி அரண்டான் என்று கேட்பவர்கள் நம் பக்கத்துக் கல்லூரியில் படித்திருக்க மாட்டார்கள்.

நான் படித்த காலத்தில் கல்லூரியிலிருந்து தகப்பனுக்கு ஆள் அனுப்புவது இரண்டு காரணங்களுக்காகத்தான். ஒன்று, பையன் வகுப்புக்கு வரவில்லை. இரண்டு, பையன் ஸ்டிரைக் செய்தான். பையன் நன்றாகப் படிக்கிறான் என்று சொல்ல எந்த முதல்வரும் எந்தத் தகப்பனையும் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை.

நான் முதலாண்டு படித்தபோது, எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் டவுன் பஸ் நிற்பதில்லை. கையில் நோட்டோடு நிற்கிறவர்களைக் கண்டால் டிரைவர் ஒரு மிதி மிதித்துப் போய்விடுவார். பையன்கள் ஒருநாள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் முதல்வர் உத்தரவு போட்டார்: எங்கள் வகுப்பில் அன்று வராத ஒவ்வொருவனும் தகப்பனோடு வர வேண்டும், மன்னிப்புக் கடிதத்தோடு வர வேண்டும், அதில் தகப்பன் கையெழுத்து இருக்க வேண்டும்.

என் அப்பாவுக்கு வாளி, கயிறு, கப்பி விற்கிற கடை. பொங்கலுக்கும் சித்திரை முதல் தேதிக்கும் தவிர மூடாத கடையை அன்று சாத்திவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். முதல்வர் அறையில் கை கட்டி நின்றார்.

"சின்னப்பய சார். வெவரம் பத்தாது. எவனோ கூப்புட்டான்னு போயி ஒக்காந்துட்டான். இனிமே செய்ய மாட்டான்."

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நான் சாலையில் உட்காரவே இல்லை. எல்லோரும் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் அருப்புக்கோட்டைத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொன்னால் அப்பாவின் மன்னிப்பு வீணாகும்; எனக்கு விழுகிற அடி இரட்டிப்பாகும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். பத்து நாளில் விலக்கில் பஸ் நிற்க ஆரம்பித்தது. மீதி இரண்டு வருஷமும் நான் அதே பஸ்ஸில், ஜன்னலோரம், சொகுசாகப் போய் வந்தேன்.

4

இங்கே யாரிடமும் யோசனை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாந்தியிடம் சொன்னால் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். மகளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் பிள்ளை தப்புச் செய்தால் பிள்ளையிடம் விசாரிப்பது எங்கள் வழக்கம் இல்லை. வாத்தியாரிடம் போய்த் தீர்த்துவிட்டு வந்து பிறகு பிள்ளையைப் பார்ப்பதுதான் வழக்கம். எனவே அன்று சாயங்காலம் முத்துராசுக்குப் போன் போட்டேன்.

முத்துராசு என் பள்ளித் தோழன். அருப்புக்கோட்டைத் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பட்டா மாறுதல் முதல் பந்தல்குடிப் பக்கம் லாரி இடித்த மாட்டுக்கு நிவாரணம் வரை எல்லா மனுவும் அவன் கம்ப்யூட்டரில் மாடலாக இருக்கும். பெயரையும் ஊரையும் மாற்றி எடுத்துக் கொடுப்பான். அங்கே மத்தியானம். வாயில் சோற்றோடுதான் பேசினான்.

"ஏலே, புள்ள யாரையும் அடிச்சிருச்சா?"

"இல்லலே."

"கல்லு கில்லு எறிஞ்சுச்சா?"

"இல்ல. கூரை மேல ஏறி நிக்கிறா. போட்டோவே வந்திருக்கு."

"எந்தக் கூரை?"

"லைப்ரரி."

"அப்பப் பயப்படாத. கலெக்டர் ஆபீஸு கூரைன்னாத்தான் கேஸு. லைப்ரரிக்கு மன்னிப்புக் கடுதாசியே போதும். நம்மகிட்ட மாடல் இருக்கு."

"எதுக்கு ஏறுனான்னு இன்னும் நான் அவகிட்டக் கேக்கல."

"கேக்காத. கேட்டா உண்ம தெரிஞ்சிரும். அப்புறம் கடுதாசி நல்லா வராது." ஒரு வாய் தண்ணீர் குடித்தான். "அது கெடக்கட்டும், இந்தக் காலநிலங்குறியே, அது என்ன கட்சிலே?"

"கட்சி இல்ல. மழை, வெயிலு, அது சம்பந்தமா."

"அதுக்கு எதுக்குலே கூரைல ஏறணும்? கீழ நின்னாலே படுமே."

எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, அதனால் கடையில் ஒரே கூட்டம், நாலு பேரை உட்கார வைத்துவிட்டு உனக்காக டைப் அடிக்கிறேன் பார் என்று சொல்லிக்காட்டிவிட்டு, அரை மணி நேரத்தில் கடிதத்தை வாட்ஸப்பில் அனுப்பினான்.

5

'கனம் பொருந்திய அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு, மேற்படி மாணவியின் தகப்பனார் மிகத் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்: என் மகள் அறியாப் பருவத்தாலும் கூடாத சேர்க்கையாலும் காலநிலை விவகாரத்தில் தலையிட்டுவிட்டாள். மேற்படி கூரையில் ஏறியமைக்கு அவள் சார்பில் மன்னிப்புக் கோருகிறேன். இனி எக்காலத்திலும் மேற்படி கூரையிலோ வேறு எந்தக் கூரையிலோ ஏற மாட்டாள் என்றும், காலநிலை சம்பந்தப்பட்ட எந்தக் காரியத்திலும் கலந்துகொள்ள மாட்டாள் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன். ஏழை எளிய குடும்பத்தின் எதிர்காலம் கருதி ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.'

இதை ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் பெயர்த்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிடங்கில் கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மின்னஞ்சலில் கையெழுத்துப் போட்டிருந்த ஹெலன் என்ற மாணவர் நல அதிகாரிக்கு அனுப்பினேன். அனுப்பியதும் இரண்டு நாளாக இறங்காத சோறு இறங்கியது.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. வயது வந்த மாணவர் ஒருவரைப் பற்றி, பெற்றோர் உட்பட யாரிடமும் நாங்கள் பேச இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். உங்கள் மகளுடன் தனியாகப் பேசுவோம்.'

இந்த ஊர் அலுவலகம் எல்லாத் தகப்பன்களுக்கும் அனுப்புகிற சாதாரணப் பதில் அது. எனக்கு அப்படித் தெரியவில்லை. தகப்பனிடமே சொல்ல முடியாத அளவுக்கு விவகாரம் முற்றிவிட்டது என்று புரிந்துகொண்டேன். தின்ற சோறு மறுபடி மேலே வந்தது.

6

புதன்கிழமை சாயங்காலம் நிவேதா வந்தாள். வழக்கமாக வாசலிலேயே, "என்னம்மா கொழம்பு?" என்று கேட்பவள், செருப்பைக் கூடக் கழற்றாமல் என் எதிரில் வந்து நின்று போனை நீட்டினாள்.

"அப்பா, இது நீங்க எழுதுனதா?"

"முத்துராசு மாமாவும் சேந்து..."

"ஹெலன் இன்னைக்கு என்னைக் கூப்பிட்டாங்க. வீட்ல ஒனக்கு யாராவது கஷ்டம் குடுக்குறாங்களான்னு கேட்டாங்க. ஒரு மணி நேரம். டிஷ்யூ பெட்டிய என் பக்கமா நகத்தி வச்சுட்டுக் கேட்டாங்கப்பா. எங்கப்பா நல்லவருதான், கொஞ்சம் லூசுன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க."

சாந்தி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். போனை வாங்கிக் கடிதத்தைப் படித்தாள். 'எந்தக் கூரையிலோ' வந்ததும் சிரிப்பில் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ஒனக்குத் தெரியுமா, இவ கூரைல ஏறுனது?" என்று கேட்டேன்.

"ஏறுன அன்னைக்கே எனக்குப் போட்டோ அனுப்புச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க தாலுகா ஆபீஸு வரைக்கும் கொண்டு போயிருவீகன்னுதான். சொல்லாமலே கொண்டு போயிட்டீக."

பிறகு இருவரும் சேர்ந்து எனக்கு விளக்கினார்கள். நாற்பது மாணவர்கள் வாரா வாரம் கூடுகிறார்கள். சிலர் உணவகத்தில் மிஞ்சுகிற சோற்றை நிறுத்துப் பார்க்கிறார்கள். சிலர் பழுதான கெட்டிலையும் மின்விசிறியையும் சரி செய்து திருப்பித் தருகிறார்கள். சிலர் ஆள் இல்லாத அறையில் எரிகிற விளக்குகளை எண்ணுகிறார்கள். நிவேதாவின் கூட்டம் மழையைப் பார்க்கிறது. விளையாட்டுத் திடலின் புல்லுக்குக் குடிதண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள். அதற்குப் பதிலாக நூலகக் கூரையில் விழுகிற மழையைத் தொட்டியில் பிடிக்கலாம் என்பது அவர்கள் யோசனை. கூரையின் சரிவை அளக்க அனுமதி வாங்கித்தான் ஏறினாள். கயிறு பிடித்தவர் கட்டடப் பராமரிப்பாளர். கயிறு இல்லாமல் ஏறக் கூடாது என்பது விதி. வியாழக்கிழமை அவர்கள் குழுவின் முன்னால் பேசுகிறார்கள். குடும்பத்தாரும் வரலாம். வருவதை உறுதிப்படுத்தச் சொன்னது, சமைத்த சாப்பாடு வீணாகாமல் இருக்க எத்தனை தட்டு என்று தெரிந்துகொள்வதற்கு.

"கீழ வரைக்கும் படிக்கலையாப்பா? சைவமா அசைவமான்னு ஒரு கட்டம் இருக்குமே."

நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இதுல பெரிய விஷயம் வேற. ஹெலன் எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு எங்க குரூப்புல கேட்டாங்க, சொல்லிட்டேன். வீட்ல பிரச்சன வரும்னா நீ பேச வேணாம், ஒன் எடத்துல ஜோஷ் பேசட்டும்னு சொல்றாங்க. ரொம்ப அன்பாச் சொல்றாங்க. அதான் எனக்குத் தாங்கல. ஒவ்வொரு மழைக்கும் போயி அளந்தது நான். ஜோஷ் நல்ல பையன், ஆனா அவனுக்குக் கணக்குக் கேட்டா சொல்லத் தெரியாது. நாளைக்கு ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டாப் போதும், எல்லாம் போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "ஒரு வருஷம்ப்பா."

அவள் அழுது நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. கடைசியாக எதற்கு அழுதாள் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வராதது இன்னும் சங்கடமாக இருந்தது.

"நான் இப்பவே எழுதுறேன்," என்றேன்.

"முத்துராசு மாமா வேணாம்."

"வேணாம்."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே எழுதினேன். 'நேற்று நான் அனுப்பிய கடிதம் முழுக்க என் தவறு. அவசரப்பட்டுப் பாதி படித்துவிட்டு எழுதினேன். என் மகள் குழுவின் முன்னால் பேசுவதற்கு எனக்குச் சம்மதம்.'

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "கடைசி வரி வேணாம்ப்பா."

"ஏன், அதானே முக்கியம்?"

"எனக்கு இருபது வயசு. ஒங்க சம்மதத்த அங்க யாரும் கேக்கல. நானும் கேக்கல. கோவிச்சுக்காதீங்க," என்றாள்.

கோபம் வரவில்லை. கல்லூரி முதல்வர் முன்னால் கை கட்டி நின்ற என் அப்பாவிடம் நான் ஒருநாளாவது இப்படிப் பேசியிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. பேசியிருந்தால் தியேட்டர் விஷயம் வெளியே வந்திருக்கும். அதையும் யோசிக்க வேண்டும். கடைசி வரியை அழித்தேன். ஹெலனுக்கும் நிவேதாவின் கூட்டத்தாருக்கும் அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் அவள் செருப்பைக் கழற்றினாள்.

"நாளைக்கு நான் வரலாமா?"

"வாங்க. கூரையப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்க."

"பேச மாட்டேன்."

"எதப் பத்தியும் பேசாதீங்க."

7

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு நானும் சாந்தியும் போனோம். மகள் பேசப் போகிறாளா, ஜோஷ் பேசப் போகிறானா என்பது உள்ளே நுழைகிற வரை எங்களுக்குத் தெரியாது. கூட்டத்தார் இன்னும் முடிவு சொல்லவில்லை என்று காலையில் அவளிடமிருந்து செய்தி வந்திருந்தது.

வாசலில் ஹெலன் நின்றிருந்தார். நான் கொடுங்கோலனா இல்லையா என்று மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். கொடுங்கோலன் இல்லை என்று காட்டுவதற்காக நான் பல்லை எல்லாம் காட்டிச் சிரித்தேன். அது இன்னும் மோசமாகப் பட்டிருக்க வேண்டும். சாந்தி என் முழங்கையைக் கிள்ளி உள்ளே இழுத்துப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தாள்.

சோற்றை நிறுத்தவர்கள் பேசினார்கள். கெட்டில்காரர்கள் பேசினார்கள். பிறகு ஜோஷ் எழுந்தான். நெட்டையான, சாதுவான பையன். நான் சாந்தியைப் பார்த்தேன். அவன் கம்ப்யூட்டரில் படத்தைத் தட்டிவிட்டு, ஒலிவாங்கியை நிவேதா கையில் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவள் பேசினாள். படங்களில் ஒன்று திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் என்றாள். சாந்தியின் அண்ணனிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். அவர் கண்மாயை மறைத்துக்கொண்டு நடுவில் நின்று போஸ் கொடுத்திருந்ததால், குழுவினர் அவரைத்தான் பார்த்தார்கள்.

பேசி முடித்ததும் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். "கோடை முழுக்க இங்கே மழையே கிடையாது. அப்போது உங்கள் தொட்டி காலியாகத்தானே நிற்கும்? காலியாக நிற்கப் போகிற ஒன்றுக்கு எதற்கு இடம் ஒதுக்க வேண்டும்?"

நிவேதா யோசிக்கவில்லை. "ஆமாம், காலியாகத்தான் நிற்கும். என் அம்மாவின் ஊரில் கண்மாய் வருஷத்தில் பாதி நாள் காலியாகத்தான் கிடக்கும். பதினோரு வயதில் நான் அதற்குள் கிரிக்கெட் விளையாடியிருக்கிறேன். காலியாக இருக்கிறது என்பதற்காக யாரும் அதை மூடிவிடுவதில்லை. மழை வரும்போது கண்மாய் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்."

அந்த விடுமுறையில் இவள் வாய் ஓயாமல் கொசுக்கடியைப் பற்றி மட்டுமே பேசியதாக எனக்கு நினைவு. கண்மாயைப் பார்த்தாள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்; இந்த முறை கிள்ளவில்லை.

யாரும் கண்மாயை மூடுவதில்லை என்று அவள் சொன்னது முழு உண்மை இல்லை என்பது அருப்புக்கோட்டை, திருச்சுழி வாசகர்களுக்குச் சொல்லாமலே தெரியும். நான் எழுந்து திருத்தியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

8

பதினொரு மணிக்குக் குழு முடிவைச் சொன்னது. நூலகக் கூரைக்கு மட்டும் அனுமதி. இப்போதைக்கு ஒரு தொட்டி. ஒரு மழைக்காலம் அளந்து பார்த்துவிட்டு மற்றக் கூரைகளைப் பற்றிப் பேசலாம். கெட்டில்காரர்களுக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். யாரையும் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கவில்லை.

சனிக்கிழமை, தொட்டிக்குத் தண்ணீர் இறங்குகிற குழாய்க்கு இடம் குறிக்க நான்கு மாணவர்கள் நூலகக் கூரையில் ஏறினார்கள். அவர்களில் நிவேதாவும் ஒருத்தி. ஏறுவதற்கு முன் அவள் என்னிடம் கேட்கவில்லை. இறங்கிய பிறகு போன் செய்து சொன்னாள்.